நாலு இதழ் ஜன்னல்

டாலஸ் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் கழுத்தில் ஒரு சமயம் யாரைப் பார்த்தாலும் அந்த நாலு இதழ் பூதான். வெள்ளைச் சிப்பியில் நாலு அரைவட்டம், சுற்றிலும் தங்கக் கரை, கரை நெடுகக் குட்டிக் குட்டி மணி. ஐரோப்பாவில் ஏதோ பெரிய கடை நகையாம். முதலில் ஒரு டாக்டரம்மா அதைக் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு வந்தார். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் தி.நகரில் போட்டோவைக் காட்டி, இருபத்திரண்டு காரட்டில் அதையே செய்து மாட்டிக்கொண்டு திரும்பினார்கள். நானும்தான். எனக்கென்ன, நான் மட்டும் குறைந்தவளா?

அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள் அவள் ஒருத்திதான்.

"சர்ச் ஜன்னலைக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் பெருமாளைப் பாக்க வந்திருக்கீங்களேக்கா, அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"உனக்கு வயித்தெரிச்சல்டி" என்றேன். பிரசாத வரிசையில் நின்றுகொண்டு, புளியோதரைத் தட்டு ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள்.

அவள் இர்விங்கில் எங்கள் அபார்ட்மென்டுக்கு எதிர்க் கதவு. கல்யாணம் முடிந்து வந்து இறங்கிய வாரமே வற்றல் மிளகாய் தாளித்து, புகை அலாரத்தை அலற வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் காரிடாரில் வந்து நின்றவள். நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அலாரத்துக்கு விசிறி அடக்கினேன். அன்றைக்கு "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தவள் கடைசி வரை அப்படித்தான் கூப்பிட்டாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். சென்னையில் ஆர்க்கிடெக்சர் படித்தவள், அதுவும் நன்றாகப் படித்தவள். ஆனால் வந்தது டிபென்டன்ட் விசாவில். புருஷன் வேலைக்குப் போகலாம், இவள் போகக்கூடாது. வருஷக்கணக்கில் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். படித்த படிப்பெல்லாம் கையில் அரித்துக்கொண்டே இருக்கும். தோசைக் கடைக்குப் போனால் டிஷ்யூ பேப்பரில் கடைக்காரரின் கதவு எங்கே இருந்திருக்க வேண்டும் என்று வரைந்து காட்டுவாள்.

அப்படி ஒரு நாள் டிஷ்யூவில்தான் அந்தப் பூவையும் வரைந்தாள். கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றி வைத்து, பேனாவால் சுற்றி ஒரு வட்டம், கொஞ்சம் தள்ளி இன்னொன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. உள்ளே விழுந்த கோடுகளையெல்லாம் அடித்துவிட்டு நீட்டினாள். என் கழுத்தில் இருந்த அதே பூ.

"பழைய சர்ச், அரண்மனையெல்லாம் கல்லுல கட்டறப்போ வளைவுக்கு மேல வளைவு வரும்க்கா. நடுவுல கொஞ்சம் இடம் மிஞ்சும். அந்தக் கல்லு சும்மா பாரம்தானே? அதைக் குடைஞ்சு எடுத்துடுவாங்க. பாரமும் குறையும், வெளிச்சமும் வரும். வெனிஸ்ல தண்ணிக்கரையில ஒரு அரண்மனை இருக்கு. வரிசையா இதே பூ. ஒவ்வொரு பூவுக்குள்ளயும் வானம் தெரியும்."

"நீ பாத்திருக்கியா?"

"புக்லதான்" என்றாள். "இதுல விஷயமே அந்த ஓட்டைதான்க்கா. உங்க நகைக் கடைக்காரன் என்ன பண்ணியிருக்கான் பாருங்க, ஓட்டையில சிப்பியைப் போட்டு அடைச்சிட்டான்."

அதற்குப் பிறகு என் நிம்மதி போச்சு. எங்கே பார்த்தாலும் அந்தப் பூதான் கண்ணில் பட்டது. கடையில் காலுக்குக் கீழே கம்பளத்தில், டாக்டர் ஆபீஸ் கண்ணாடிச் சட்டத்தில், ஹோட்டல் லாபியில், டிஷ்யூ டப்பாவில், அவுட்லெட் மாலில் வரிசையில் நின்று பெண்கள் வாங்குகிற அந்தக் காப்பிக்கொட்டை நிறக் கைப்பையில். லாஸ் கோலினாஸில் கால்வாய் ஓரமாக நாங்கள் இரண்டு பேரும் சாயங்காலம் நடப்போம். வெனிஸ் மாதிரி இருக்க வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டு டெக்சஸ் வெயிலில் கட்டி வைத்த இடம். "அதோ ஒண்ணு!" என்பாள். "இதோ எனக்கு ஒண்ணு!" என்பேன் நான். ஸ்ட்ரோலரில் இருந்த அவள் பெண் என்னவென்று புரியாமலே கை நீட்டும். போகிறவர்கள் எங்களைக் கிறுக்கிகள் என்று நினைத்திருப்பார்கள். நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

வெனிஸ் போக வேண்டும் என்பாள். முதலில் விசா இடித்தது. வெளியே போனால் திரும்பி வர முத்திரை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம். அப்புறம் குழந்தை சின்னது. அப்புறம் கிரீன் கார்டு வரிசை, அது நகருவேனா என்றது. கடைசியில் "பொண்ணு காலேஜ் முடிக்கட்டும்க்கா, மூணு பேருமா போய்ட்டு வரோம்" என்று வைத்துக்கொண்டாள். அவளுக்கு எதிலும் அவசரமே கிடையாது, பாவி.

ஒருவழியாக அவளுக்கு வேலை செய்ய அனுமதி வந்தது. வரிசை வரிசையாக வீடு கட்டி விற்கிற ஒரு கம்பெனியில் டிராயிங் போடுகிற வேலை. முதல் நாள் புதுப் புடவை கட்டாத குறையாகக் கிளம்பிப் போனாள். ஒரு மாசத்தில் முகம் விழுந்துவிட்டது. எல்லா வீடும் ஏற்கெனவே போட்டு வைத்த பிளான். இவளுக்குச் செங்கல் நிறத்தையும், முகப்பில் கூரைக்குக் கீழே வருகிற முக்கோணச் சுவரில் என்ன அலங்காரம் என்பதையும் மட்டும் மாற்றலாம். அந்த முக்கோணத்தில் இவள் நாலு இதழ் பூவைப் போட ஆரம்பித்தாள். நீங்கள் டெக்சஸில் வீடு வாங்கியவராக இருந்தால் பார்த்திருப்பீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் கல்லில் செதுக்கிய ஜன்னல். கிட்டே போய்த் தட்டினால் தெர்மோகோல், மேலே ஒரு பூச்சு. அதற்குப் பின்னால் கூரைக்கடியில் அட்டிக், பஞ்சு, இருட்டு.

"பொய் ஜன்னல்க்கா" என்பாள். "நான் போடற ஒவ்வொண்ணும் பொய்."

அதனால்தான் பக்கத்து ஊர் காப்பெல்லில் சொந்த வீடு கட்டும்போது பிடிவாதமாக நின்றாள். வீடு கிழக்குப் பார்த்தது, அதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. பின்பக்கம் மேற்கே ஃபேமிலி ரூம். அதற்கு மட்டும் தட்டுக் கூரை இல்லாமல் உச்சி வரைக்கும் உயரமாக எழுப்பி, மேற்குச் சுவரின் தலைப்பில், கொஞ்சம் தெற்கே தள்ளி, ஒரு ஆள் கையை விரித்தால் பிடிக்கிற அகலத்தில் நிஜமாகவே குடைந்த நாலு இதழ் ஜன்னல். கண்ணாடி போட்டது. அவள் போட்டதிலேயே நிஜமானது அது ஒன்றுதான்.

அவள் வீட்டுக்காரருக்கு அப்போது பிடிக்கவே இல்லை. அவர் எதையும் அளந்து பார்க்கிற ஆள். மேற்கு வெயில் உள்ளே வந்தால் ஏசி என்னத்துக்கு ஆகும் என்று துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானியை எடுத்துவந்து சுவரில் குறி வைத்துக் குறி வைத்துப் பார்ப்பார். "பாருங்கக்கா, அந்தப் பூ விழற இடத்துல மட்டும் எவ்வளவு ஏறுது" என்று என்னிடம் காட்டுவார். அவர் ராகுகாலம் பார்க்காதவர். கோயிலுக்கு வந்தால்கூடக் கேன்டீன் தயிர்சாதம் தீர்ந்துவிடுமோ என்றுதான் அவருக்குக் கவலை.

ஆனால் சாயங்காலமானால் அந்த வெளிச்சம் வரும் பாருங்கள். முதலில் கார்ப்பெட்டில், சோபா காலடியில், கோணலாக ஒரு பூ விழும். நாங்கள் டீ குடிக்கக் குடிக்க அது நகரும். சோபா மேல் ஏறி, கிழக்குச் சுவரில் தொற்றி, நேராகி, மஞ்சளாகி, ஆரஞ்சாகி, மேலே மேலே போய்க் காணாமல் போகும். அவள் பெண் ஸ்கூலிலிருந்து வந்ததும் அந்தப் பூவுக்குள் உட்கார்ந்துதான் ஹோம்வொர்க் எழுதுவாள். அது நகர நகர இவளும் பென்சிலோடு நகர்வாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் எல்லாம் புரியும். பேசுகிற தமிழ் மட்டும் இரண்டே வார்த்தை: "போதும்", "வேணாம்". அதுவும் தட்டில் சாதம் விழும்போதுதான். மற்றதெல்லாம் இங்கிலீஷ்.

கொஞ்ச நாளில் அவரும் வெப்பமானியை எங்கேயோ போட்டுவிட்டு, டீயோடு எங்கள் கூட உட்கார ஆரம்பித்தார்.

பெண் ஆஸ்டினில் காலேஜ் சேர்ந்த இரண்டாம் வருஷம் அவளுக்கு வயிற்று வலி என்று ஆரம்பித்தது. நான் கூட, "கண்ட நேரத்துக்குச் சாப்பிட்டா வலிக்காம என்ன பண்ணும்?" என்று திட்டினேன். கணையத்தில் கட்டி என்றார்கள். சொல்லும்போதே பரவிவிட்டது என்றும் சொல்லிவிட்டார்கள். நான் காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை அடித்து அடித்து அழுதேன். பெருமாளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவருக்கு இதெல்லாம் பழக்கமாகியிருக்கும்.

கீமோ முடிந்தது, ஒரு ஆபரேஷன் முடிந்தது, திரும்பவும் ஆஸ்பத்திரி. நாங்கள் தமிழ்ப் பெண்கள் வாட்ஸ்அப்பில் முறை போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். ஒரு சனிக்கிழமை என் முறை. ரசமும் பீன்ஸ் பொரியலும் எடுத்துக்கொண்டு போனேன். கதவு சாத்தாமல் கிடந்தது. உள்ளே போனால் ஃபேமிலி ரூமில் உயரமான ஏணி. உச்சியில் அவர். தலை, புருவம், சட்டையெல்லாம் வெள்ளைத் தூள். மேற்குச் சுவரில் அந்தப் பூ இருந்த இடத்தில் பலகை வைத்து அறைந்து, மேலே மாவு மாதிரி எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு இதழ் மட்டும் இன்னும் மூடவில்லை. அது வழியாக ஒரு துண்டு வெயில் அவர் தோளில் விழுந்தது.

"என்ன பண்றீங்க?" என்று கத்தினேன். ரசப் பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை.

அவர் திரும்பாமலே சொன்னார். திருச்சியில் இருக்கிற அவருடைய அக்கா, மாம்பலத்தில் ஒரு வாஸ்துக்காரரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். இவர் போனைக் கையில் பிடித்து வீடு முழுக்கச் சுற்றி வீடியோவில் காட்டியிருக்கிறார். அந்த மனிதர் இந்த ஜன்னலைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னாராம். தென்மேற்கில், கன்னி மூலையில் ஓட்டை இருக்கிறது, வீட்டுப் பெண்ணின் உயிர் அது வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது, உடனே அடை என்றாராம்.

"படிச்சவர்தானே நீங்க? எவனோ ஒருத்தன் மாம்பலத்துல உக்காந்துகிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னா? இது அவ கட்டினது! அவ உசுரே அதுல இருக்கு, தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்க்கா." அப்போதுதான் திரும்பினார். "டாக்டர் சொன்னதெல்லாம் பண்ணிட்டேன். இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னு நேத்து சொல்லிட்டாங்க. இந்த ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. இதையும் பண்ணாம விட்டுட்டு, அப்புறம் அவ போயிட்டான்னா, நான் என்னக்கா பண்ணுவேன்?"

ஏணி ஆடியது. அவர் கால் நடுங்கியதில்தான் ஆடியது. நான் போய் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய முடியும்? அந்த நாலாவது இதழையும் அவர் மூடுகிற வரை பிடித்துக்கொண்டே நின்றேன்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றார் இறங்கி வந்து. சரி என்றேன்.

அடுத்த வாரம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலி இல்லாமல் பார்த்துக்கொள்ள ஹாஸ்பிஸ் நர்ஸ் வருவார், வேறு ஒன்றும் இல்லை. ஆம்புலன்ஸில் வந்தவள் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டே உள்ளே வந்தாள். மாடி ஏற முடியாது என்பதால் ஃபேமிலி ரூமிலேயே கட்டில். அவர்தான் இடம் பார்த்துப் போட்டார். மேற்குச் சுவரை ஒட்டித் தலைமாடு, அந்தப் பூ இருந்த இடத்துக்கு நேர் கீழே. அங்கே படுத்தால் அந்தச் சுவர் கண்ணில் படாது. எதிரே கிழக்குச் சுவர்தான் தெரியும். வெளி வெயில் தெரியாதபடி தோட்டத்துக் கதவின் பிளைண்ட்ஸையும் முழுக்க இறக்கி வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கண்ணைத் திறந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி என்ன?"

ஆறு தாண்டிவிட்டது என்றார் அவர்.

"பூ வரலையே?"

நான் டீ கலக்குகிற சாக்கில் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர்தான் சொன்னார்: "மேகம்மா. காலைலேர்ந்தே மூட்டமா இருக்கு."

ஆஸ்டினிலிருந்து வந்திருந்த பெண் அப்பா முகத்தைப் பார்த்தாள். அப்புறம் "இட்ஸ் ரியலி க்ளவுடி, அம்மா" என்றாள்.

வெளியே ஆகஸ்ட் மாசத்து டெக்சஸ். வானத்தில் துடைத்துப் போட்ட மாதிரி ஒரு பொட்டு மேகம் கிடையாது. மழையில்லாமல் புல்லெல்லாம் காய்ந்து, இந்தந்த நாளில்தான் தண்ணீர் விடலாம் என்று ஊரில் உத்தரவு போட்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் மூன்று பேருக்கும் அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் தினமும் மேகமூட்டம். அவள் தினமும் கேட்பாள். தினமும் சொல்லுவோம். ஒரு நாள் நான் ஒரு படி மேலே போய், தூறல் போடும் போல இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். சொன்ன என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போல இருந்தது எனக்கு.

ஒரு மத்தியானம் அவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். பெண் மாடியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் உதட்டில் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தேன். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, எதை வச்சு அடைச்சார்? ஜிப்சம் பலகையா, பிளைவுட்டா?"

பஞ்சு கீழே விழுந்துவிட்டது.

"என்ன முழிக்கிறீங்க? வெளியில மூட்டமா இருந்தா ஏசி ஏன் நிக்காம ஓடுது? நானும் கேட்டுக்கிட்டேதானே படுத்திருக்கேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே தெரியும். தலை முடியெல்லாம் வெள்ளையா ஒட்டியிருந்துச்சு. சுவருக்குப் பூசற மாவு. எனக்குத் தெரியாதா அது? என்னங்க இதுன்னா, பொடுகுங்கறார். இத்தனை வருஷத்துல அவருக்குப் பொடுகே வந்ததில்ல. அவங்க அக்கா யாரோ வாஸ்துக்காரர்கிட்ட பேசினதா அதுக்கு முந்தின நாளே என்கிட்ட போன்ல உளறிட்டாங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும். "இரு. ஏணி கராஜ்லதான் இருக்கு. நான் ஏறி இப்பவே உடைச்சுப் போடறேன். அவர் வந்து என்னைக் கேக்கட்டும்."

"உக்காருங்கக்கா."

"எதுக்கு உக்காரணும்? நீ இன்னும் எத்தனை நாள்…" என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டேன்.

"அதான் சொல்றேன், உக்காருங்க." என் கையைப் பிடித்தாள். கையில் எடையே இல்லை. "இப்ப தொறந்து, ரெண்டு நாள்ல நான் போயிட்டேன்னு வைங்க. தொறந்ததாலதான் போனேன்னு அவர் ஆயுசு முழுக்க நெனச்சுக்குவார். யார் சொன்னாலும் மனசு கேக்காது. எனக்குத் தெரியும் அவரை. அடைச்சே இருக்கட்டும். அடைச்சும் போயிட்டேன்னா அது அந்த வாஸ்துக்காரன் தப்பு. இவர் தப்பு இல்ல."

"உனக்குப் பாக்கணும்னு இல்லையாடி?"

"இருக்கு" என்றாள். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரொம்ப இருக்குக்கா."

நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். அவளே, "உங்க செயினைக் கழட்டுங்க" என்றாள். கழற்றினேன். போன் டார்ச்சைப் போட்டு அந்தப் பதக்கத்துக்குப் பின்னால் பிடிக்கச் சொன்னாள். எதிர்ச் சுவரில் ஏதாவது விழுகிறதா பார்க்கலாம் என்றாள். சிப்பிதானே, கொஞ்சமாவது வெளிச்சம் ஊடுருவும் என்று நானும் நம்பினேன். என் பதக்கத்துக்குப் பின்னால் தி.நகர்க்காரர் கனமாக ஒரு தங்கத் தகடு வைத்திருந்தார். கெட்டியாகச் செய்து கொடுங்கள் என்று நான்தான் அன்று கேட்டு வாங்கினேன். சுவரில் நாலு இதழோடு கன்னங்கரேலென்று ஒரு நிழல்தான் விழுந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா அடைச்சிருக்கான்க்கா" என்றாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமலில் கண்ணில் தண்ணீர் வந்து, நான் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"சொல்லிடாதீங்க. எப்பவும்" என்றாள் காதுக்குள்.

அவர் உள்ளே வந்ததும் அவள் கேட்டாள்: "என்னங்க, வெளியில எப்படி இருக்கு?"

"மேகம்தாம்மா" என்றார். சட்டை முதுகெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். விடிகிற நேரம். கிழக்கு வாசல் பக்கம் வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. அவர் ஒரு கையையும் பெண் ஒரு கையையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

துக்கம் விசாரிக்க ஊரே வந்தது. நியூஜெர்சியிலிருந்துகூட இரண்டு குடும்பம் வந்தது. ஃபேமிலி ரூம் முழுக்கப் பெண்கள். கார்ப்பெட்டில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காப்பித் தட்டோடு நின்று பார்க்கிறேன், யார் கழுத்தைப் பார்த்தாலும் அந்தப் பூ. மூலையில் குவித்து வைத்திருந்த கைப்பைகளிலும் அந்தப் பூ. மேற்குச் சுவர் மட்டும் வழவழவென்று வெள்ளையாக மொட்டையாக நின்றது. அவர்கள் என்ன செய்வார்கள் பாவம், எல்லாரும் அவளுக்காக அழுதவர்கள்தான். எனக்குத்தான் வயிறு பற்றி எரிந்தது. தட்டை வைத்துவிட்டு பாத்ரூமில் போய் என் செயினைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அதற்கப்புறம் போட்டுக்கொள்ளவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, திருச்சியிலிருந்து வந்திருந்த நாத்தனாரும் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, ஒரு சாயங்காலம் அவர் எனக்குப் போன் செய்தார்.

"கொஞ்சம் வரீங்களாக்கா? ஏணியைப் பிடிக்க ஆள் வேணும்."

போனேன். கட்டிலை ஹாஸ்பிஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதன் சக்கரங்கள் கார்ப்பெட்டில் அழுந்திய தடம் மட்டும் அப்படியே பள்ளமாக இருந்தது. பெண் அதற்குப் பக்கத்தில் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவள் ஆஸ்டினுக்குத் திரும்ப வேண்டும்.

அவர் ஏறினார். நான் பிடித்துக்கொண்டேன். கத்தியை வைத்துக் கீறி, விளிம்பைத் தட்டித் தட்டி, பலகையைத் துண்டு துண்டாகப் பிய்த்துக் கீழே போட்டார். என் தலையெல்லாம் வெள்ளைத் தூள். முதலில் ஒரு இதழ் திறந்தது. வெளிச்சம் பீறிட்டுக்கொண்டு உள்ளே வந்தது. அப்புறம் இன்னொன்று. கடைசித் துண்டு விழுந்ததும் கார்ப்பெட்டில் முழுப் பூவும் விழுந்தது. அது கட்டில் தடத்தைத் தொட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் பாதத்தில் பாதியும் தரையில் பாதியுமாக விழுந்திருந்தது. அவள் நகரவில்லை.

அவர் இறங்கவும் இல்லை. உச்சிப் படியில் நின்று, அந்த ஜன்னலின் கரையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி கேட்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. அவளுக்குத் தெரியுமா?"

என் கை ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தெரியும் என்று சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். தெரிந்தும் பேசாமல் படுத்திருந்தாளே, என் முகத்தைப் பார்த்து மேகமா என்று கேட்டாளே என்று இந்த மனுஷன் ஏணியிலேயே உடைந்துபோவார். எவ்வளவு ஆசையோடு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள் என்பதும் அவர் தலையில் ஏறும். அவளும் எப்பவும் சொல்லாதே என்றுதானே சொல்லிவிட்டுப் போனாள்.

"தெரியாது தம்பி" என்றேன். "மேகம்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தா."

"நிஜமாவா?"

இன்னொரு தடவை சொல்ல வாய் வரவில்லை. அவர் மேலே காத்துக்கொண்டிருந்தார்.

அப்போது கீழே தரையிலிருந்து அந்தப் பெண் பேசினாள். பிறந்ததிலிருந்து என் எதிரில் இரண்டு வார்த்தைக்கு மேல் தமிழ் பேசாதவள், நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னாள்.

"ஆமாப்பா. அம்மா மேகம்னுதான் நினைச்சாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கண் இரண்டும் நிறைந்திருந்தது. அம்மா அவளிடமும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

மேலே அவர் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "நல்லவேளை" என்றார். "நல்லவேளைக்கா." நான் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.